தோரண உருளையிலிருந்து நுண்கட்டுப்படுத்தி வரை

சென்ற ஆண்டு ஆலயத் திருவிழாவை ஒட்டி நாரந்தனைக்குச் சென்றிருந்தேன். ஒளியலங்காரத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர், உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை ஒன்றைக் காட்டினார். மயில் தோகை விரிக்க வேண்டும்; சக்கரம் சுழல வேண்டும்; உச்சியில் ஓங்காரம் மெல்ல மங்கி மெல்ல ஒளிர வேண்டும். மூன்றையும் இயக்க அந்த ஒரு பலகையே அவரிடம் இருந்தது. ஆனால் மயில் தோகை விரிக்கையில் சக்கரம் நின்றுவிடுகிறது.

"மூன்று பலகை வாங்கலாம் ஐயா. ஆனால் ஒன்றிலேயே செய்யலாம் என்று சொல்லுகினம்" என்றார்.

நான் கொழும்பில் செய்தியாளனாகப் பணி தொடங்கிய 1970களில் கண்ட வெசாக் தோரணங்கள் நினைவுக்கு வந்தன. புத்த ஜாதகக் கதைகளைச் சித்திரிக்கும் அந்தப் பிரமாண்டமான பந்தல்களில் ஆயிரக்கணக்கான வண்ண மின்குமிழ்கள் ஓடி விளையாடும். எனக்கோ முன்புறத்தைவிடப் பின்புறமே அதிசயமாக இருந்தது. அங்கே ஒரு மர உருளை மோட்டாரால் மெல்லச் சுழலும். அதன்மேல் வளையம் வளையமாகச் செப்புத் தகடுகள். அவற்றை உரசியபடி தொடுகம்பிகள். தகடு தொட்டால் குமிழ் எரியும். தகடு வெட்டப்பட்ட இடத்தில் அணையும். தீப்பொறி பறக்கும். எந்தத் தகட்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதே கலைஞரின் நிரல்.

அவ்வுருளையில் பல கோலங்கள் உண்மையாகவே ஒரே நேரத்தில் ஓடின. ஆனால் அவை சுதந்திரமானவை அல்ல. உருளை ஒருமுறை சுற்றும்போது ஒரு கோலம் இரு தடவையும் மற்றது மூன்று தடவையும் வரலாம். இரண்டரைத் தடவை வர இயலாது. எல்லாம் ஒரே அச்சுக்குக் கட்டுப்பட்டவை. தனிக் கதி வேண்டுமெனில் தனி உருளை வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் இந்தத் தொழில் இடையில் அறுந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பாட்டரியும் கிடைக்கவில்லை. ஜாம் போத்தலில் பஞ்சையிட்டுச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தனர். சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலி கேட்டனர். தீவக மக்களோ பெருமளவில் இடம்பெயர்ந்திருந்தனர். யாழ்ப்பாணம் தேசிய மின்கட்டமைப்புடன் மீண்டும் இணைந்தது 2013இல்தான். பல ஆண்டுகள் அலங்கார விளக்கு என்பது அரிதாயிற்று. குருவிடமிருந்து சீடன் கற்கும் வழியும் அத்துடன் போயிற்று என்பது என் கணிப்பு.

அதே காலத்தில் வெளியுலகில் விளக்கே மாறிவிட்டது. ஜப்பானில் 1993இல் பிரகாசமான நீல ஒளிகாலும் இருவாயி சந்தைக்கு வந்தது; அதை ஆக்கியோருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தாலியில் 2005இல் பிறந்த ஆர்டுயினோ பலகை, நுண்கட்டுப்படுத்தியை மாணவர் கைக்குக் கொண்டு வந்தது. நாரந்தனை இளைஞர் வைத்திருந்ததும் அவ்வகைப் பலகையே.

அவருடைய சிக்கல் உருளையின் சிக்கலுக்கு நேர்மாறானது. நுண்கட்டுப்படுத்தி ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்யும். "250 மில்லிசெக்கன் காத்திரு" என்று மயிலுக்காகக் கட்டளையிட்டால், அதுவரை சக்கரத்தையும் அது மறந்துவிடும். வவுனியாவில் படிக்கும் நண்பர் தொலைபேசியில் வழி சொன்னார்: காத்திருக்கச் சொல்லாதே, மணி பார்க்கச் சொல். ஒவ்வொரு கோலமும் தான் கடைசியாக மாறிய நேரத்தையும், இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் தனித்தனியே குறித்து வைக்கும். பலகை ஓயாது சுற்றிவந்து, "உன் முறை வந்துவிட்டதா?" என்று ஒவ்வொன்றையும் கேட்கும். வந்திருந்தால் ஒரு படி நகர்த்தும். இல்லையேல் கடந்து போகும். மயிலுக்கு 250, சக்கரத்துக்கு 70, ஓங்காரத்துக்கு 30 என எக்கதியும் வைக்கலாம். ஒரு செக்கனில் இச்சுற்று ஆயிரக்கணக்கில் நடப்பதால், நம் கண்ணுக்கு மூன்றும் ஒருங்கே ஓடும்.

அப்பலகையின் மில்லிசெக்கன் எண்ணி ஏறக்குறைய 50 நாட்களில் நிரம்பி மீண்டும் பூச்சியத்துக்கு வருமாம். நல்லூரிலேயே திருவிழா 25 நாட்கள்தானே என்று இளைஞர் சிரித்தார்.

அன்றிரவு மூன்றும் தத்தம் கதியில் ஓடின. சுவாமி வெளிவீதி வரும் வேளையில் மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கி இயங்கியதும் மயில், சக்கரம், ஓங்காரம் மூன்றும் முதற்படியிலிருந்து தொடங்கின. பழைய மர உருளையாயிருந்தால், நின்ற இடத்திலிருந்தே சுழன்றிருக்கும்.