மாமல்லன் பெயரும் மல்லர் நெஞ்சுரமும்

செஞ்சிக்கு அண்மையில் ஏரிக்கரையை அடுத்து எழுந்து நிற்கும் குன்று பனமலை. அதன் உச்சியில் தாளகிரீசுவரர் திருக்கோயில் உளது. தாளம் என்பது வடமொழியிற் பனையைக் குறிக்கும், கிரி மலை. ஆகவே ஊரின் பெயரே இறைவனுக்கும் பெயராயிற்று. இக்கோயிலை எடுப்பித்தோன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிங்கவர்ம பல்லவன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டினவனும் இவனே. காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். சுவரில் எஞ்சியுள்ள ஓவியத்திலே, குடையின்கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று இறைவன் ஆடலைக் காணும் தேவியின் எழிலைப் பார்ப்பதற்கென்றே பலர் குன்றேறுகின்றனர். யாம் ஈண்டுக் கூறப்புகுவது அவ்வோவியத்தைப் பற்றியதன்று. அங்குள்ள கிரந்தக் கல்வெட்டினின்று எழுந்த ஓர் எண்ணத்தைப் பற்றியது.

அக்கல்வெட்டு அசுவத்தாமனையும் அவன் வழித்தோன்றலாகிய பல்லவனையும் குலமுதல்வராகக் கூறி, இராசசிம்மனை அம்மரபில் உதித்தவனாகப் புகழ்கிறது. கோயில் கட்டிய வேந்தனுக்குத் தன் குலப்பெருமையைக் கல்லில் எழுதி வைக்க வேண்டுமென்னும் விருப்பம் இருந்தது. நம் சங்கத்தாருக்கும் அவ்விருப்பம் குறைவன்று. "நாம் வீரர் வழிவந்தோர்" என்னும் தொடரை நம் கூட்டங்களிற் கேளாத ஆண்டில்லை. இதனாற் கெடுதி யொன்றுமில்லை யென்று சிலர் கூறுவர். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. நம் பிள்ளைகளுட் சிலர் மற்போர் பயிலத் தொடங்கி, முதல் தோல்வி நேர்ந்தவுடனே கோதாவின் பக்கம் தலைவைத்தும் பாராராகின்றனர். வீரம் இரத்தத்தில் ஊறியது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, தான் மண்ணிற் புரண்ட அன்றைக்குத் தன் இரத்தத்தையே ஐயுறத் தொடங்குகிறான். பயிற்சியால் வருவது வீரம் என்று கேட்டு வளர்ந்தவனோ, மறுநாள் விடியலில் முன்னிலும் சற்று முன்னதாகவே எழுகின்றான். இவ்விரண்டில் எது உண்மை என்பதற்கு வரலாறு கூறும் விடையைச் சிறிது ஆராய்வோம்.

இராசசிம்மனுடைய கொள்ளுப்பாட்டன் முதலாம் நரசிங்கவர்மன். இவனுக்கே மாமல்லன் என்னும் விருதுப்பெயர் வழங்கிற்று. மாமல்லன் என்பது மல்லருட் பெரியோன் எனப் பொருள்படும்; மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயரும் அதனாலாயது. இவன் தந்தை மகேந்திரவர்மன் காலத்தே சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி வடக்கினின்று படையெடுத்து வந்தான். புள்ளலூரிற் போர் நடந்தது. காஞ்சி தப்பியது, எனினும் பல்லவ நாட்டின் வடபகுதிகள் பறிபோயின. மகன் பட்டத்துக்கு வந்தபின் புலிகேசி மீண்டும் வந்தான். இம்முறை பரியலம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களிற் புறங்கண்டவன் நரசிங்கவர்மன் என்று கூரம் செப்பேடு கூறும். ஓடிய பகைவன் முதுகாகிய பட்டயத்திலே வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்பது அச்செப்பேட்டின் அழகிய கூற்று. 642ஆம் ஆண்டில் வாதாபி வீழ்ந்தது.

மணிமங்கலம் காஞ்சிக்குத் தொலைவிலுள்ளதன்று; பகைவன் வீட்டு வாயில் வரையிலும் வந்துவிட்டான் என்பதே இதனாற் பெறப்படும். வந்தவனை அங்கே நிறுத்தித் திருப்பி, அவன் கால்பெயர்ந்த பின்னரே தொடர்ந்து சென்று அவனுடைய தலைநகரைப் பற்றினான் பல்லவன். மல்லன் ஒருவன் எதிரியின் பாய்ச்சலை உள்வாங்கி, அவன் நிலை தளரும் நொடியிலே புரட்டும் முறையை இஃது எமக்கு நினைப்பூட்டுகிறது. இஃது எம் கருத்தேயன்றிச் செப்பேட்டின் கூற்றன்று. ஆயினும் ஒன்று உறுதி: தந்தை இழந்ததைக் கண்டு வளர்ந்த மகன் அவன்.

இனி, பல்லவருக்கும் மிக முற்பட்ட ஒருவனைப் பார்ப்போம். 1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் அச்சிட்டு வெளியிட்ட புறநானூற்றில், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி யென்பான் ஒருவனைப் பற்றிய ஆறு பாடல்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உறையூர்த் தித்தன் இவன் தந்தை. தந்தைக்கும் மகனுக்கும் மனவேறுபாடு. இவன் தந்தையை விட்டகன்று, அரசச் செல்வம் ஏதுமின்றி, பிறர் நாட்டில் வறியவனாய் வாழ்ந்தான். அங்கே ஆமூர் மல்லன் என்னும் பெயர்பெற்ற மற்போர் வீரனோடு பொருது வென்றான். சாத்தந்தையார் என்னும் புலவர் அப்போரை நேரிற் கண்டார் போல வருணிக்கின்றார்: ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியுள்ளது, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து அவன் முதுகுப்புறத்தே வளைந்துள்ளது. இன்றும் கோதாவில் நிற்கும் உஸ்தாத் ஒருவர் இதைக் கேட்டால் எந்தப் பிடி என்று கூறிவிடுவார். இக்காட்சியைத் தித்தன் கண்டிருக்க வேண்டுமே என்று புலவர் ஏங்குகின்றார். அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி என்கின்றார். தந்தை கண்டானா என்பது பாடல்களிற் சொல்லப்படவில்லை.

இப்பாடல்களுள் மூவிடங்கள் மல்லனுடைய மனத்தைப் பற்றி நமக்குப் பெரிதும் உணர்த்துவன.

நக்கண்ணையார் என்னும் புலவர் இவன்மேற் காதல் கொண்டவர். தம் தலைவன் கூழுண்டு வாழ்ந்த போதிலும் பெருந்தோளன் என்கின்றார் அவர். அரசன் மகனுக்குப் பாலும் நெய்யும் இல்லை, கூழே உணவு. தோள் மட்டும் சுருங்கவில்லை. நம் ஊர்களில் பிள்ளையைக் குஸ்திக்கு அனுப்ப மறுக்கும் தாய்மார் முதலிற் சொல்லும் சொல், "பாலுக்கும் பாதாமுக்கும் எங்கே போவது?" என்பதே. அவர்களுக்கு யாம் இவனைக் காட்டுவோம்.

அடுத்தது, அவன் பொருத இடம் அவனுக்குச் சொந்த ஊருமன்று, சொந்த நாடுமன்று. அதனால் ஒருசாரார் வெற்றி அவனதே என்கின்றனர். மற்றொருசாரார் அன்று என்கின்றனர். கூட்டம் இரண்டுபட்டு ஆரவாரிக்கிறது. நக்கண்ணையார் சிலம்பொலிக்க ஓடிச்சென்று, தம் வீட்டருகே நின்ற பனைமரத்திற் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைக் கண்டதாகப் பாடுகின்றார். பனமலைப் பக்கத்தார்க்குப் பனையடியில் நின்று வேடிக்கை பார்த்தல் புதிதன்று. அயலூர்த் திடலில், நூறு குரல் எதிராக எழும்போதும் தன் மூச்சை மட்டும் கேட்டு நிற்கப் பழகாத மல்லன் பாதி தோற்றவனே.

மூன்றாவதே எம்மை மிகவும் கவர்ந்தது. அவன் போரின் விரைவுக்குச் சாத்தந்தையார் ஓர் உவமை தேடுகின்றார். சிங்கத்தையோ இடியையோ அவர் நாடவில்லை. கட்டிலுக்கு வார் பின்னும் எளிய தொழிலாளி ஒருவனைக் காட்டுகின்றார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம்; மழை பெய்கிறது; பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ அவ்வளவு விரைவு அப்போரில் இருந்தது என்கின்றார். நாற்புறமும் மனத்தை இழுக்க, கை மட்டும் தடுமாறாமல் பின்னலைத் தவறாமற் பின்னுகிறது. இதனினும் தெளிவாக ஒருமுகப்பட்ட நெஞ்சை யாரும் காட்டிவிட முடியுமோ? அந்நாளைய சமூகம் தாழ்வாக எண்ணிய ஒருவனின் கையே சோழர் குலத்து மைந்தனுடைய திறத்துக்கு அளவுகோலாயிற்று. புலவர் குலத்தை நோக்கவில்லை. பழகிய கையை நோக்கினார். நம் சங்கத்துப் பெரியோர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று எண்ணிப்பார்ப்பார்களாக.

மறுபடியும் செஞ்சிக்கு வருவோம். செஞ்சி விசயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர் ஆண்ட நகரம். அப்பேரரசின் தலைவராகிய கிருட்டிணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். அவர் காலத்தில் விசயநகரத்துக்கு வந்த தோமிங்கோ பாயிசு என்னும் போர்த்துக்கீசியர் அரசருடைய காலைக் கடமைகளை எழுதி வைத்துள்ளார். விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடிப்பார். உடல் முழுதும் அவ்வெண்ணெயைப் பூசிக்கொள்வார். மண்ணாலான பெரும் பாரங்களைக் கைகளால் தூக்குவார். பூசிய எண்ணெய் முழுதும் வியர்வையாக வெளியேறும் வரையில் வாள் பழகுவார். பின்னர்த் தம் மல்லருள் ஒருவனோடு மற்போர் புரிவார். அதன்பின் குதிரையேறிப் பொழுது புலரும் வரையிற் செலுத்துவார். அவ்வளவுக்கும் பிறகே நீராட்டும் பூசையும். பேரரசர் ஒருவர் தம் ஊழியனாகிய மல்லனோடு நாடோறும் மண்ணில் உருளுவதற்கு உடல்வலி மட்டும் போதாது. வெற்றியை விட்டுக்கொடுப்பவர் சூழ்ந்துள்ள அரண்மனையில், உண்மையாகத் தன்னைத் தள்ளக்கூடியவனைத் தேடி நிற்கும் உள்ளம் வேண்டும்.

செஞ்சிக் கோட்டையில் இராசகிரியின் அடிவாரத்தே, களஞ்சியம், கல்யாண மகால் முதலியவற்றோடு உடற்பயிற்சிக்கூடம் என்று ஒரு கட்டடமும் இன்று காட்டப்படுகின்றது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உலக மரபுரிமைப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை இடம்பெற்ற பின்னர் வருவோர் தொகையும் பெருகக்கூடும். அக்கூடத்தின் வாயிலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் அங்கேயே பத்துத் தண்டாலாவது எடுத்தால் காவலர் வைவாரோ என்னவோ, யாம் மகிழ்வோம்.

நெஞ்சுரம் என்பதை ஏதோ பிறவிக்கொடை போலப் பேசுவோர் கோதாவின் ஒருநாள் வேலையை அறியார். மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவதே முதற் பயிற்சி. புதியவன் பல மாதம் தண்டாலும் பஸ்கியும் கர்லாவும் சுற்றியே கழிப்பான். பிடி ஒன்றும் சொல்லித்தரப்படாது. இது சோம்பலால் அன்று. சலிப்பைத் தாங்குபவன் எவன் என்று உஸ்தாத் பார்க்கின்றார். பின்பு தன்னிலும் எடைமிக்கவன் அடியிற் கிடந்து, திணறாமல், மூச்சைச் சீராக்கி, எந்தப் பக்கம் இடைவெளி உண்டென்று தேடக் கற்கிறான். அடியிற் கிடக்கும்போது அஞ்சாமை என்பது நூறுமுறை கிடந்தவனுக்கே வரும். இன்றைய போட்டிகளில் மண் போய் மெத்தை வந்துவிட்டது. மும்மூன்று நிமிடமாக இரண்டு சுற்றுகளில் முடிந்துவிடுகிறது. ஆயினும் நியமம் தளரவில்லை. 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் வினேசு போகாட் இறுதிப்போட்டி வரை வென்று சென்றும், 50 கிலோ எடைக்கு 100 கிராம் மிகுந்ததாகக் கூறி நீக்கப்பட்டார். அம்முடிவு நேரிதா என்று உலகமெல்லாம் வாதிட்டது. எடைக்கோல் யார்க்கும் இரங்குவதில்லை என்பது மட்டும் மல்லர்க்கு நன்கு விளங்கிற்று.

பெண்மக்களுக்கு இது தகுமா என்று கேட்போர் நம்முள் இன்னும் உளர். அவர்களுக்கு விடையாக ஒன்றே கூறுவோம். 2016ஆம் ஆண்டு ரியோ நகரில், வெண்கலத்துக்கான போட்டியில் சாட்சி மாலிக் ஐந்து புள்ளி பின்தங்கி நின்றார். தாம் ஒன்றும் பெறவில்லை. முடிவில் எட்டுக்கு ஐந்தாக வென்றார்.

பொறுமைக்குக் காமா பயில்வானைச் சொல்லாமல் விட இயலாது. 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இலண்டனில் போலந்து நாட்டு சிபிசுகோ, காமாவின் வலிமையை உணர்ந்து, தரையோடு தரையாகக் கிடந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் போக்கினார். முடிவு ஏற்படவில்லை. மறுவாரம் குறித்த நாளில் அவர் வரவேயில்லை. காமா சினந்து திரியவில்லை. தம் அன்றாடப் பயிற்சியைத் தொடர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் எதிர்ப்பட்டபோது ஒரு நிமிடமும் முழுதாகச் செல்லவில்லை; சிபிசுகோவின் முதுகு மண்ணைத் தொட்டது. அப்போது காமா ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவர்.

இறுதியாக, நம் சங்கத்து நிதிக்குழுவினர் நினைவிற் கொள்ளத்தக்க ஒருவர் உளர். மராட்டிய நாட்டுக் கோளேசுவர் என்னும் சிற்றூரிற் பிறந்த கே. டி. சாதவ் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்றார். மண்ணிற் பழகியவர், மெத்தையும் அதன் விதிகளும் அவருக்குப் புதியன. ஆறாமிடமே கிட்டிற்று. தோல்வி என்று ஊர் பேசியதை அவர் பாடமாகக் கொண்டு நான்காண்டு உழைத்தார். 1952இல் எல்சிங்கி செல்லப் பொருளில்லை. ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டினர். கோலாப்பூரில் அவர் பயின்ற இராசாராம் கல்லூரியின் தலைவர் கர்டேகர் தம் வீட்டையே அடகு வைத்து ஏழாயிரம் ரூபாய் கொடுத்தார். சாதவ் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியொருவர் பெற்றுத்தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. மாட்டுவண்டிகள் நூற்றுக்கு மேற்பட்டவை அணிவகுத்து அவரை ஊருக்கு அழைத்துச் சென்றன. விழா முடிந்ததும் அவர் மறுபடியும் கோதாவில் இறங்கிக் குஸ்திகள் நடத்தினார். அதில் வந்த பணத்தைக் கொண்டு ஆசிரியர் வீட்டின்மேலிருந்த கடனைத் தீர்த்தார்.