புகைப்படத் தொகுதியும் திருமேனிகளும்

தமிழ்நாட்டுத் திருக்கோயில்களினின்றும் நீங்கி அயல்நாட்டு அரும்பொருட்காட்சிச்சாலைகளை அடைந்த திருமேனிகள் பல. ஆங்குள்ள பெயர்ச்சீட்டுக்கள் பெரும்பாலும் மூர்த்தியின் பெயரையும் நூற்றாண்டையுமே கூறுவன. எவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியிருந்தது என்பதனைக் கூறா. நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையார் 2017-இல் 3,75,000 படங்களை யாவரும் விலையின்றி எடுத்தாளுமாறு இணையத்தில் வெளியிட்டனர். பிறரும் இந்நெறியே பற்றினர். கடல்கடந்து செல்ல இயலாதார்க்கும் இதனாற் காட்சி எளிதாயிற்று. எனினும் அப்படம் தனித்து நின்று ஊரை உணர்த்தமாட்டாது. ஒப்புநோக்குதற்குக் கோயிலிலேயே எடுத்த பழம்படம் வேண்டப்படும்.

அத்தகைய படங்கள் புதுச்சேரியில் உள. 1955-இல் அங்கு நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர்தோறுஞ் சென்று கோயில்களையும் மூர்த்திகளையும் படமெடுத்து, ஊர்ப்பெயரும் காலமும் குறித்துத் தொகுத்தனர். அவை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டன. களவு காண்டல் அவர் கருத்தன்று. மூர்த்தி இலக்கணமும் கோயிலமைப்பும் ஆராய்தலே கருத்தென்க.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிருகதீசுவரர் கோயிலிலிருந்து களவாடப்பெற்ற நடராசப்பெருமான் திருமேனியைக் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தார் 2008-இல் ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கினர். இந்தியத் தொல்பொருட்சட்டம் 1972-இல் இயற்றப்படுமுன்னரே அஃது இந்நாட்டை நீங்கிற்றென விற்றோர் காட்டிய பத்திரங்கள் கூறின. புதுச்சேரிப் படமோ, 1994-இல் அப்பெருமான் தம் கோயிலிலேயே எழுந்தருளியிருந்தமையைக் காட்டிற்று. பத்திரம் பொய்யாதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஒரு படங்கொண்டு இத்துணை உறுதியாகக் கூறுதல் எங்ஙனமெனின், கூறுதும். செப்புத் திருமேனி மெழுகில் வனையப்பெற்று, மண்பூசி, மெழுகை உருக்கி நீக்கிய கருவில் உலோகம் வார்த்து ஆக்கப்படுவது. கருவை உடைத்தே திருமேனியை வெளிக்கொணர்தலின், மற்றொன்று முற்றும் அதுபோலாதல் இன்று. திருவாசிச் சுடரின் வளைவும், முறிவும், வார்ப்பின் வடுவும் ஒவ்வொன்றற்கும் தனியுரிமையாம். அத்திருமேனி 2014 செப்டம்பரில் இந்தியாவிற்கு மீண்டது. சிட்னிக் கலைக்கூடத்திலிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்றிருமேனியும் பழம்படங்களாலேயே அடையாளம் காணப்பெற்று அதனோடு உடன் மீண்டது.

படமில்வழி நேரும் இடர்ப்பாடு பத்தூர் வழக்கிற் காணலாம். அவ்வூர் நடராசர் 1976-இல் மண்ணினின்றும் வெளிப்பட்டவர். ஆகலின் முன்னெடுத்த படம் யாதுமில்லை. உடன் கிடைத்த திருமேனிகளோடு ஒப்பிட்டும், ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் ஆராய்ந்துமே இலண்டன் நீதிமன்றத்தார் உண்மை துணிந்தனர். கோயிலே வழக்காடற்குரியதெனவும் கொண்டனர். அப்பெருமான் மீண்டது 1991-இல்.

இருதிறத்துப் படங்களும் இணையத்தில் வெளிப்படினும் ஒன்றையொன்று எளிதிற் சந்திப்பதில்லை. காட்சிச்சாலையார் மூர்த்திப்பெயர் கொண்டு அடுக்குவர்; புதுச்சேரியார் ஊர்ப்பெயர் கொண்டு அடுக்கினர். ரோமவெழுத்தில் ஓரூரே பலவாறு எழுதப்படுதலின், ஒருவடிவு கொண்டு தேடுவார்க்கு மற்றொரு வடிவிலுள்ளது அகப்படாதொழியும். தமிழெழுத்தில் ஊர்ப்பெயரும், வட்டமும், கோயிற்பெயரும், மூர்த்தியின் அளவும் ஒவ்வொரு படத்தோடும் சேர்க்கப்படுமேல், அவ்வூரில் வழிபாடு செய்யும் முதியோரே தம் பெருமானைக் கண்டு கூறிவிடுவர்.