கொம்புத்தேனும் வாசற்படியும்

‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தேனுக்குப் பெயர்பெற்ற ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஒடுகத்தூரை எண்ணும்போது இப்பழமொழி நமக்கு வேறுவிதமாக ஒலிக்கிறது. ஏறமுடியாதவன் ஏன் ஆசைப்பட்டான் என்று அது நகைக்கிறதே ஒழிய, ஏணி ஒன்றைச் சார்த்தி வைத்தால் என்ன என்று கேட்பதில்லை. உடற்குறை குறித்த நம் சமூக மனநிலை முழுவதும் இந்த ஒரு தொடருக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இலக்கியமும் இதில் ஒருமுகமாக இல்லை. சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, குறையுடைய பிறப்புகளை எட்டாக எண்ணி, அவற்றால் பயனில்லை என்று தள்ளிவிடுகிறது. மணிமேகலையின் ஆபுத்திரனோ காணாதோரையும் கேளாதோரையும் கால் முடப்பட்டோரையும் தேடி அழைத்து உணவிட்டு, எஞ்சியதைத் தான் உண்கிறான். அருளுள்ளம்தான்; ஆயினும் அவர்கள் அங்கே ஏற்கும் கைகளாகவே நிற்கிறார்கள். ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 618ஆம் குறளில் வரும் ‘பொறி’ என்னும் சொல்லைப் பரிமேலழகர் விதி என்று கொள்வார். உறுப்பு என்று கொள்வாரும் உளர். பின்னவர் வழியில் சென்றால், உறுப்புக்குறை எவருக்கும் பழியன்று என்ற பொருள் கிடைக்கிறது. நமக்கு அவ்வுரையே உவப்பு.

எனினும் நம் மனத்தைக் கவர்பவர்கள் இரட்டைப்புலவர்களே. ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்க்கக்கூடியவர் தோளில் அமர்ந்து வழிசொல்ல, நடக்கக்கூடியவர் சுமந்து நடந்தார். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் தொடங்க, பிற்பாதியை மற்றவர் முடித்தார் என்பது வழிவழிச் செய்தி. தில்லைக் கலம்பகம் பாடிய புலமையைவிட அந்தத் தோளைப் பற்றிய கதையே நாட்டில் அதிகம் நிலைத்தது. அங்கே இரங்குபவரும் இல்லை, இரப்பவரும் இல்லை.

இனி ஒடுகத்தூரின் மாவட்டத் தலைநகராகிய வேலூருக்கு வருவோம். கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்துசேர்ந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் விரியச்செய்யும் பணியில் இறங்கினார். விரல்கள் விரிந்தன. ஆனால் ஊர் விரியவில்லை. திருந்திய கையோடு திரும்பியவருக்கு வேலை கொடுப்பாரில்லை. வளைந்த கைக்கு விழுந்த பிச்சைக் காசும் நேரான கைக்கு விழவில்லை. அறுவை அரங்கில் முடிந்துவிட்டதாகக் கருதிய காரியம் தெருவில்தான் தொடங்குகிறது என்பதை பிராண்ட் உணர்ந்தார். நோயாளிகள் தச்சு முதலிய கைத்தொழில் கற்று வாழ்வதற்கென 1951இல் ‘நவஜீவ நிலையம்’ உருவாயிற்று. 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனையும் எழுந்தது.

பிராண்டிடம் பயின்ற இளம் மருத்துவர்களுள் ஒருவர் கேரளத்தில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ். 1954 சனவரியில் வேன் கவிழ்ந்த விபத்தில் அவருடைய தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போயிற்று. அந்நாளைய நம் நாட்டில் இத்தகையவருக்கு விதிக்கப்பட்டது கட்டிலும் படுக்கைப் புண்ணும்தான். ஆனால் கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யத் தொடங்கினார். இங்கே அருஞ்செயல் எதுவும் நிகழவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மேசையின் உயரமும் நாற்காலியின் இடமும் திருத்தப்பட்டன, அவ்வளவே. மருத்துவரும் திறமையும் முன்பிருந்தவாறே இருந்தனர்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ, 1986 டிசம்பரில் மறைவு. அவரைத் ‘தியாகச் சுடர்’ என்று மட்டும் போற்றும் மேடைப் பேச்சுகள் நமக்கு ஒவ்வாதவை. போற்றிவிட்டால் படிக்கட்டை இடிக்க வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது பாருங்கள்.

பாகாயத்தின் சமதளத்தில் சக்கர நாற்காலி ஓட்டப் பழகியவர் ஒடுகத்தூருக்கு மேலுள்ள மலையூர் ஒன்றுக்குத் திரும்பினால் என்ன ஆவார்? சாலையில்லாத ஊர்களில் நோயாளியையும் நிறைசூலியையும் டோலி கட்டித் தூக்கிவந்த வரலாறு இம்மலைக்கு உண்டு. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய குழந்தை இறந்ததும், உடலைத் தாய் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடக்க நேர்ந்ததும் நாடறிந்தவை. சாலை இல்லாத இடத்தில் நல்ல காலுடையவரும் முடவரே. சாலை வந்துவிட்டாலும், பேருந்தின் முதற்படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. திண்ணை வைத்த வீட்டுக்கு நான்கு படிகள். கழிப்பறைக் கதவு நாற்காலியின் அகலத்துக்குப் போதாது. அடிவாரத்திலும் நிலை பெரிதும் வேறல்ல.

சட்டங்கள் வந்தன. 1995இல் ஒன்று, ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கிய 2016ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொன்று. இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் அனைவரும் புழங்குமாறு மாற்றவேண்டும் என்றது அது. விதிகள் 2017இல் வந்தமையால் அக்கெடு 2022இல் கழிந்துபோயிற்று. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாய் இருத்தல் ஆகாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளி’ என்ற பெயரும் தனித்துறையும் 2010இல் வந்தன. சொல் மாறியது நன்றே. ஒரு தலைமுறை மாணவர் ‘நொண்டி’ என்று அழைக்கக் கூசுவதை வகுப்பறையில் நாம் காண்கிறோம். எனினும் சாய்தளம் கட்டச் சொன்னால் ‘இங்கே யார் வரப்போகிறார்கள்’ என்னும் கேள்விதான் இன்றும் முதலில் எழுகிறது. படி இருப்பதால் அவர் வருவதில்லை. அவர் வராததால் படி இருக்கிறது.

2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்தங்கள் சட்டப்பேரவையில் நிறைவேறின. ஒடுகத்தூர் போன்ற பேரூராட்சிகளுக்கும் இது பொருந்தும். வாக்குக் கேட்டு அலையாமல் ஒருவருக்கு இருக்கை கிடைக்கும். மன்றக் கூடத்தின் வாசற்படியைத் தாண்டி அந்த இருக்கைக்கு அவர் எவ்வாறு சென்று சேர்வார் என்பதையே அவர் கொண்டுவரும் முதல் தீர்மானமாக வைத்துக்கொள்ளலாம்.