உயிருள்ள செல்லில் சாயம் ஒளிர்ந்தால் அது அமிலாய்டுதானா?

அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களில் சில புரதங்கள் வடிவம் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அமிலாய்டு எனப்படும் இழைகளாகத் திரள்கின்றன. இத்திரள்களை உயிருள்ள செல்லுக்குள்ளேயே காண ஒளிர்சாயங்கள் உதவுகின்றன. சாயம் ஒளிர்ந்த இடத்தில் அமிலாய்டு இழை உண்டு என்று பல ஆய்வுகள் முடிவுகட்டிவிடுகின்றன. உயிருள்ள செல்லைப் பொறுத்தவரை இம்முடிவு அவசரமானது என்பதே என் வாதம்.

1959இல் வாசரும் கல்லிங்கும் திசுக்களில் அமிலாய்டைக் காண அறிமுகப்படுத்திய தயோஃப்ளேவின்-டி இன்றும் இத்துறையின் அளவுகோல். அதன் மூலக்கூறில் பென்சோதயசோல் பகுதியும் டைமெத்தில் அனிலின் பகுதியும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. நீரில் இவ்விரு பகுதிகளும் தடையின்றித் திருகுவதால், உறிஞ்சிய ஒளியாற்றல் வெப்பமாகக் கழிந்துபோகிறது. அமிலாய்டு இழையின் மேற்பரப்பில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில் சாயம் சிக்கும்போது திருகல் தடைப்பட்டு, 480 நானோமீட்டர் அருகே ஒளி பிறக்கிறது. திருகலைத் தடுத்தது எது என்பதை அந்த ஒளி சொல்வதில்லை. கிளிசரால் போன்ற கெட்டியான திரவத்திலும் இச்சாயம் ஒளிரும், டி.என்.ஏ.வின் ஜி-நான்கிழை அமைப்புகளோடு பிணைந்தும் ஒளிரும்.

தூய புரதம் மட்டும் உள்ள சோதனைக் குழாயில் இதனால் பெரிய குழப்பமில்லை. செல்லுக்குள் நிலைமை வேறு. சாயம் நேர்மின்னூட்டம் கொண்டது. சவ்வின் உட்புறம் எதிர்மின்னழுத்தம் கொண்டிருந்தால் அங்கே போய்ச் சேரும். 2015இல் பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாக்களின் உயிர்ப்படலத்தில் சவ்வு மின்னழுத்தம் அலையாகப் பரவுவதைக் காட்டியது இதே சாயம்தான். மனித செல்லின் மைட்டோகாண்ட்ரியாவும் இதே மின்னியல்பு உடையது என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

நோய்ப் புரதத்தோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைப்பது மாற்றுவழியாகச் சொல்லப்படுகிறது. பார்க்கின்சன் நோயில் திரளும் புரதமான ஆல்ஃபா-சைனூக்ளினில் 140 அமினோ அமிலங்கள். பச்சை ஒளிர்புரதத்தில் 238. இவ்வளவு பெரிய ஒட்டு, திரளும் விதத்தையே மாற்றக்கூடும். தவிர, அது புரதம் இருக்கும் இடத்தைக் காட்டுமே ஒழிய அதன் மடிப்பு நிலையைக் காட்டாது. ஆகவே சாயங்களைக் கைவிட முடியாது.

சாயம் செல்லைப் பாதிக்காமல் இருப்பதுமில்லை. தயோஃப்ளேவின்-டி கொடுக்கப்பட்ட சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுக்களின் ஆயுள் நீண்டது என்று 2011இல் அலாவெஸ், லித்கோ குழுவினர் நேச்சர் இதழில் அறிவித்தனர். புரதத் திரட்சியின் போக்கையே அது மாற்றியிருந்தது. சாயமிட்டு நாம் காணும் செல், சாயமிடாத செல்லைப் போன்றதே என்று எடுத்துக்கொள்ள இதன்பின் இடமில்லை. ஒளி தென்படாததும் திரள் இல்லை என்பதற்குச் சான்றாகாது: நச்சுமிக்கவையாகக் கருதப்படும் ஆலிகோமர்கள், அதாவது சில புரத மூலக்கூறுகளே சேர்ந்த சிறு திரள்கள், இச்சாயத்தோடு வலுவின்றியே பிணைகின்றன.

சுவீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் பீட்டர் நில்சன் குழுவினர் உருவாக்கிய ஒலிகோதயோஃபீன் சாயங்கள் தயோஃப்ளேவின்-டியைவிட நம்பிக்கை தருகின்றன. பிணையும் இடத்துக்கேற்ப இவற்றின் முதுகெலும்புச் சங்கிலி வளைந்து கொடுப்பதால் நிறமாலையும் மாறுகிறது. மூளைத் திசுவில் அமிலாய்டு படிவையும் டௌ புரத முடிச்சையும் நிறத்தாலேயே பிரித்தறியலாம். ஒளியின் அளவை மட்டும் நம்பாமல், அதன் தன்மையையும் கேட்டறிய இவை வழிசெய்கின்றன.

இத்தகைய சாயங்கள் எல்லா ஆய்வகத்துக்கும் கிட்டா. ஆனால் நோய்ப் புரதம் இல்லாத செல், திரளாதபடி மாற்றிய புரதம் உள்ள செல், மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் குலைக்கப்பட்ட செல் ஆகிய மூன்றிலும் அதே சாயத்தை இட்டுப் பார்க்கப் பெருஞ்செலவு ஆகாது. இம்மூன்றின் படங்களும் இல்லாத கட்டுரைகளை இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.