பெயர்க்க வந்த பெயரும் வராத பெயரும்

திருத்தணி பேருந்து நிலையம் அருகே ஒரு டீக்கடை. 2024 மக்களவைத் தேர்தல் சமயம், அங்கே கிடந்த இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தி. ஒன்றில் 'இந்தியா கூட்டணி', மற்றதில் 'இண்டியா கூட்டணி'. "யாரோ ஒருத்தன் தப்பா போட்டுட்டான்" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். தப்பில்லை. நாட்டின் பெயரோடு குழம்பக் கூடாது என்று நினைத்தவர்கள் 'ண்' போட்டார்கள். அந்தக் குழப்பமே வேண்டும் என்றவர்கள் 'ந்' போட்டார்கள். பா.ஜ.க. மேடைகளில் வால் எழுத்தும் உதிர்ந்து வெறும் 'இண்டி' ஆனது.

இரண்டு அணிகளும் ஒரே நாளில் பெயர் வேலை பார்த்தன: 2023 ஜூலை 18. பெங்களூருவில் கூடிய 26 எதிர்க்கட்சிகள் 'இந்தியா' என்று சூட்டிக்கொண்டன. டெல்லியில் 38 கட்சிகளைக் கூட்டிய மோடி, தேசிய ஜனநாயகக் கூட்டணியின் மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் புதிய இந்தியா, வளர்ந்த நாடு, மக்களின் விருப்பம் எனப் புதுப்பொருள் சொன்னார். 25 வயதான பெயருக்கு அன்று எதற்குப் புதுப்பொருள்? அந்தப் பக்கம் வைத்த பெயர் சுட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. 1967-இல் இதே ஜூலை 18 அன்றுதான் நம் சட்டமன்றம் 'தமிழ்நாடு' என்ற பெயருக்குத் தீர்மானம் போட்டது. தற்செயல்தான்.

1998-இல் பிறந்த தே.ஜ.கூ. தொளதொளச் சட்டை மாதிரி. யார் போட்டாலும் பொருந்தும். முதலில் அ.தி.மு.க. போட்டது. அது கழற்றி எறிந்ததில் 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. அதே ஆண்டு தி.மு.க. போட்டுக்கொண்டு மந்திரிசபையில் அமர்ந்தது, 2003 கடைசியில் கழற்றியது. இடையில் திரும்பவும் போட்டுக்கொண்ட அ.தி.மு.க. 2023 செப்டம்பரில் மறுபடி விலகி 2025 ஏப்ரலில் திரும்பியது. தேசியம், ஜனநாயகம் என்ற சொற்களோடு எவருக்கும் சண்டையில்லை. 2004-இல் எதிரணியாக நின்ற தி.மு.க.வின் கூட்டணிக்கும் 'ஜனநாயக முற்போக்கு' என்றுதானே பெயர்!

'இந்தியா' அப்படியல்ல, அளவெடுத்துத் தைத்தது. எதிரி அதை வாயில் எடுத்தாலே சிக்கல். ஆனால் உடுத்தியவன் விலகும்போது அவனுக்கும் சங்கடம்: 2024 ஜனவரியில் நிதிஷ்குமார் 'இந்தியாவை விட்டு வெளியேறினார்' என்று தலைப்புப் போட்டால் எப்படி இருக்கும்! இந்தப் பெயர் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் போனபோது, கூட்டணிகள் சட்டப்படி தன் கட்டுப்பாட்டில் வருபவை அல்ல என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. வாக்குப்பதிவு இயந்திரத்திலும் கூட்டணிப் பெயருக்கு இடமில்லை, வேட்பாளர் பெயர், படம், சின்னம் மட்டும்தான்.

ஆந்திர எல்லையூர்க்காரனான எனக்குப் படும் வேறுபாடு வேறு. தே.ஜ.கூ. தமிழில் பெயர்க்க வருகிறது, எழுத்துச் சுருக்கம் உட்பட. 'இந்தியா' வராது. ஆங்கில விரிவைத் தமிழாக்கினால் இந்திய தேசிய வளர்ச்சி உள்ளடக்கிய கூட்டணி, சுருக்கினால் இ.தே.வ.உ.கூ. சொல்லிப் பாருங்கள், பல் சுளுக்கும். கடைசி ஆங்கில எழுத்துக்கே கூட்டணி என்றுதான் பொருள். நாம் அதன் பின்னால் இன்னொரு கூட்டணியைக் கட்டித் தொங்கவிடுகிறோம். புத்திசாலித்தனம் முழுக்க ஆங்கிலத்தில் தங்கிவிட, தமிழுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒலி மட்டும். அந்த ஒலியே போதும் என்று தி.மு.க. கணக்குப் போட்டது. தனி அடையாளத்துக்காக இவ்வளவு பேசிய கட்சி இந்தப் பெயரைத் தோளில் சுமந்ததுதான் எனக்கு வேடிக்கை.

ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு என்று நடந்து, 1960 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்த ஊர் திருத்தணி. 2024-இல் நாங்கள் இருக்கும் அரக்கோணம் தொகுதியில் 'இந்தியா'வின் தி.மு.க. வென்றது. எல்லை தாண்டினால் நகரி, அங்கே தே.ஜ.கூ.வின் தெலுங்கு தேசம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தில் இரண்டு பக்கத்து வாக்காளர்களும் கலந்தே படியேறுகிறார்கள். கூட்டணிக்குத் தெலுங்கில் சொல் 'கூட்டமி'. கூடு என்ற அதே வேர்தான். ஆந்திரத்தில் முன்னொட்டு, எழுத்துச் சுருக்கம் எதுவும் இல்லாமல் 'கூட்டமி அரசு' என்றே பேச்சு.

தேர்தல் முடிந்த மாதம் டீக்கடை மேசையில் யாரோ விட்டுப்போன தெலுங்குப் பத்திரிகை கிடந்தது. பெரியவர் சின்ன வயதில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தலைப்பை எழுத்துக் கூட்டினார்.

"கூட்... ட... மி. அட, நம்ம கூட்டணிதான்யா ஜெயிச்சிருக்கு!"