கல்லச்சில் பிறந்த தெய்வங்கள்

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூரில் 1848-இல் பிறந்த ஓவியர் இரவிவர்மாவைச் சுசீந்திரத்து இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அரண்மனைகளுக்கு ஓவியந் தீட்டிய அவர், 1873-இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார். ஆயினும் நமக்கு முக்கியமானது அப்பரிசன்று. 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சுக்கூடமே.

வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் உருவெழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பது அங்குக் கையாண்ட முறை. தாள் இம்மியளவு விலகினும் இலக்குமியின் முகம் கலங்கிவிடும். இதற்கென ஜெர்மானிய வல்லுநர் வந்தனர். அச்சுக்கூடமோ நட்டத்தில் வீழ்ந்தது. ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கே அதனை விற்க நேர்ந்தது. 1906-இல் ஓவியர் மறைந்தார்.

அக்காலத்தே தாணுமாலயன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலும் நம் முன்னோர் நடத்தல் கூடாது. அவ்வுரிமைக்காக 1926-இல் இங்கே சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததோ 1936 நவம்பர் 12-இல். அதற்கு 42 ஆண்டுகள் முன்னரே, கருவறைக்குள் மறைக்கப்பட்ட தெய்வங்கள் கடைத்தெருவுக்கு வரத் தொடங்கிவிட்டன. இதனை அவர் நம் விடுதலை கருதிச் செய்தார் என்பது மிகை. அவர்தம் தேவியர் உடுத்தவை உயர்குடி மகளிரின் பட்டும் நகையுமே. எனினும், சுவரில் ஒட்டிய படத்தின்முன் விளக்கேற்ற எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.