காதிஸ் என்னும் மூதூர்

ஓர் ஊரின் வயதை எதைக் கொண்டு கணிப்பது? ஏட்டில் எழுதியிருப்பதைக் கொண்டா, மண்ணுக்குள் கிடப்பதைக் கொண்டா? தொன்மையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்திக்கொள்ளாத இனம் நம் இனம்; ஆதலின் இவ்வினா நமக்குப் புதிதன்று. ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் ஒரு விரலைப் போல் நீண்டு கிடக்கும் காதிஸ் துறைமுகத்திலும் இதே வினா நம் முன் வந்து நின்றது.

சுற்றுலாக் கப்பல் இத்துறையில் ஏழு மணி நேரம் நின்றது. உடன் வந்தவர்களிற் பெரும்பாலோர் பேருந்து ஏறிச் செவில் மாநகருக்குப் போய்விட்டனர். நாம் நடந்தே காதிஸைப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். அதற்கு வாய்ப்பான ஊர் அது. துறைமுகச் சாலையைக் கடந்தால் நகர மண்டபம் நிற்கும் சதுக்கம். பழைய நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரை மணிக்குள் நடந்துவிடலாம். எத்திசையில் நடந்தாலும் முடிவில் கடலே வழிமறிக்கும். கடற்காற்றைத் தடுக்கவென்றே குறுக்கிக் கட்டியவை போன்ற தெருக்கள். சுவர்க் கற்களை உற்று நோக்கினால் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் தெரிகின்றன. கடலடியில் உருவான ஒருவகைக் கல்லைக் கொண்டே ஊரைக் கட்டியிருக்கின்றனர். தெருமுனைகளில் பழைய பீரங்கிகளைத் தலைகீழாக நட்டு, வண்டிச் சக்கரம் சுவரை உரசாமல் காத்திருக்கின்றனர். போர்க் கருவிக்கு இதைவிட நல்ல பயனை நாம் எங்கும் கண்டதில்லை.

தம் ஊர் கி.மு. 1104இல் தோன்றியது என்பது காதிஸ் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மேற்கு ஐரோப்பாவிலேயே பழைமையான நகரம் தங்களுடையது என்று அவர்கள் பெருமை கொள்வதற்கு இதுவே அடிப்படை. திராய்ப் போர் முடிந்து ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின் தீரு நகரத்து மாலுமிகள் இவ்வூரை நிறுவினர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் வெல்லீயஸ் பட்டெர்குலஸ் எழுதிவைத்தார். தீரு என்பது இன்றைய லெபனானில் உள்ள பினீசியத் துறைமுகம். அவர்கள் இட்ட பெயர் காதிர். மதில் சூழ்ந்த இடம் என்பது பொருள். ரோமானியர் அதைக் காதெஸ் என்றனர், அராபியர் காதிஸ் என்றனர், அதுவே நிலைத்தது. ஆனால் வெல்லீயஸ் எழுதியது கி.பி. முதல் நூற்றாண்டில். அவருக்கும் அவர் கூறும் நிகழ்ச்சிக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி உண்டு. முச்சங்கங்களுக்கும் 4440, 3700, 1850 என்று கணக்குத் தரும் களவியல் உரையைப் படித்த நமக்கு இத்தகைய கணக்குகளின் சுவையும் தெரியும், சிக்கலும் தெரியும்.

மண் என்ன சொல்கிறது? மீனா சதுக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் இரண்டு சலவைக்கல் பிணப்பேழைகள் அருகருகே கிடத்தப்பட்டுள்ளன. ஒன்று ஆண் உருவம், மற்றொன்று பெண் உருவம்; இரண்டும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியவை. சுருண்ட தாடியுடன் கூடிய ஆண் பேழை 1887இல் கிடைத்தது. பின்னர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த பெலாயோ கின்தேரோ என்னும் ஆய்வாளர், இதற்கு இணையாக ஒரு பெண் பேழையும் இந்நகர மண்ணில் இருந்தே தீரும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தேடினார். கிடைக்கவில்லை. 1946இல் மொரோக்கோவின் தெத்துவான் நகரில் காலமானார். 1980இல் ஒரு மனைக்கு அடித்தளம் தோண்டியபோது பெண் பேழை வெளிப்பட்டது. அம்மனை கின்தேரோ முன்னர்க் குடியிருந்த வீட்டின் மனை! தேடிய பொருளின் மேலேயே அவர் உறங்கி எழுந்திருக்கிறார். அப்பேழையின் முன் நின்றபோது, அந்த அம்மையாரின் அமைதியான முகத்தைவிடக் கின்தேரோவின் நினைவே நம்மை வருத்தியது.

இவ்விரு பேழைகளாலும் 1104ஐ எட்ட முடியவில்லை. பொம்மலாட்ட அரங்கம் ஒன்றின் அடியில் பல மீட்டர் ஆழத்தில் நடந்த அகழாய்வில் பினீசியர் தெருக்களும் மண்வீடுகளும் அடுப்புகளும் வெளிப்பட்டன. 2014இலிருந்து மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட அவ்விடத்தின் மிகப் பழைய அடுக்கு கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரபு கூறுவதற்கும் மண் கூறுவதற்கும் இடையே இரண்டு மூன்று நூற்றாண்டுகள் குறைகின்றன. ஊரார் 1104ஐயும் கைவிடவில்லை, அகழாய்வையும் மூடிவைக்கவில்லை. கண்ணாடி நடைபாதை அமைத்து, அடுப்பங்கரையைக் காட்டுகின்றனர். நம்மைக் கேட்டால், 1104 என்ற எண்ணைவிட அந்த அடுப்பே நெஞ்சுக்கு நெருக்கமானது.

பாரதத்துக்கும் இவ்வூருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிசிக்கஸ் நகரத்து யுடாக்ஸஸ் என்னும் கிரேக்க மாலுமி, எகிப்து அரசுக்காக இருமுறை இந்தியா வந்து சென்றார். இருமுறையும் அவர் கொணர்ந்த சரக்கை அரசே பறித்துக்கொண்டது. இரண்டாம் பயணத்தின் மீட்சியில் காற்று அவரை ஆப்பிரிக்கக் கரைக்குத் தள்ளியது. அங்கே குதிரை உருவம் செதுக்கிய கப்பல் முகப்பு மரத்துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அது காதெஸ் மீனவர் படகுக்குரியது என்று அலெக்சாந்திரியா மாலுமிகள் கூறினராம். அப்படியானால் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரக் கடல்வழி உண்டு என்று கணித்த யுடாக்ஸஸ், எகிப்திய அரசரின் கைக்கு எட்டாத வழியில் இந்தியாவை அடையக் காதெஸிலிருந்தே கப்பல் ஏறினார். இசைபாடும் மகளிரையும் மருத்துவரையும் கம்மியரையும் உடன் அழைத்துச் சென்றார். முதன்முறை கப்பல் தரைதட்டியது. மறுமுறை புறப்பட்டவர் என்ன ஆனார் என்பது தெரியவில்லை. இக்கதையை நமக்குச் சொல்லும் ஸ்திராபோவே இதை நம்பவில்லை. வரிக்கு வரி மறுத்துரைக்கிறார். ஆயினும் வாஸ்கோ ட காமாவுக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் முன்பே இவ்வெண்ணம் எழுதப்பெற்றுவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

உறுதியான சான்றும் ஒன்று உண்டு. காதிஸ் கரையெங்கும் மீனை உப்பிலிட்டுச் சாறு வடிக்கும் தொழில் நடந்தது. தொட்டிகளை இன்றும் காணலாம். நம் அரிக்கமேட்டில் கிடைத்த சாடித் துண்டுகளை ஆராய்ந்த அறிஞர், அவற்றுள் சில ஸ்பெயினிலிருந்து வந்த மீன்சாற்றுச் சாடிகள் எனக் கருதினர். மிளகு மேற்கே போனதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். மீன்சாறு கிழக்கே வந்ததை யாரும் பேசக் கேட்டதில்லை.

ரோமானியர் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இளம் அதிகாரியாக வந்த ஜூலியஸ் சீசர் இங்கிருந்த ஹெர்க்குலிஸ் கோயிலில் அலெக்சாந்தரின் சிலையைக் கண்டு, அந்த வயதில் அவன் உலகை வென்றான், நான் எதைச் செய்தேன் என்று பெருமூச்செறிந்ததாகச் சுவெட்டோனியஸ் கூறுகிறார். ரோமானிய அரங்கமும் 1980இல்தான் வெளிப்பட்டது. அதன் ஒரு பகுதி இன்னும் வீடுகளுக்கு அடியிலேயே உள்ளது. 1596இல் ஆங்கிலேய, டச்சுப் படைகள் ஊரைக் கொள்ளையிட்டுத் தீயிட்டன. அதற்கு முற்பட்ட கட்டடங்கள் அருகியே இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்று நாம் காணும் காதிஸ் ஓர் அலுவலக மாற்றல் உத்தரவால் பிறந்தது எனலாம். அமெரிக்கக் குடியேற்றங்களோடு நடக்கும் வாணிகம் அனைத்தையும் பதிந்து, உரிமம் தந்து, வரி தண்டிய வாணிக மன்றம் செவிலில் இருந்தது. ஆற்று முகத்தில் மணல் தேங்கியது. கப்பல்களோ பெருத்துக்கொண்டே வந்தன. 1717இல் அவ்வலுவலகம் காதிஸுக்கு மாற்றப்பட்டது. கோப்புகளோடு எழுத்தர்களும், எழுத்தர்களோடு குடும்பங்களும், அவர்களைத் தொடர்ந்து அயல்நாட்டு வணிகரும் வந்து குவிந்தனர். மாற்றல் உத்தரவால் இடம்பெயர்ந்தோர் பலர் கூடி வளர்த்த சங்கத்தில் இதை விரித்துரைக்கத் தேவையில்லை. வணிகர் வீடுகளின் அமைப்பே அக்காலத்தைக் காட்டும். தரைத் தளத்தில் சரக்கறை, அதன் மேல் தாழ்ந்த கூரையுடைய இடைத்தளத்தில் கணக்கெழுதுவோர், அதற்கும் மேல் குடும்பம், உச்சியில் பணியாளர், எல்லாவற்றுக்கும் மேலே, வரும் கப்பலைத் தொலைவிலேயே கண்டறிய ஒரு கோபுரம். இத்தகைய கோபுரங்கள் 160க்கு மேல் இருந்தன. நூற்றுக்கு மேல் எஞ்சியுள்ளன. அவற்றுள் தாவிரா கோபுரம் 1778இல் துறைமுகத்தின் அலுவல்முறைக் காவற்கோபுரமாயிற்று. அதன் உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் நீர். கணக்கர் இருந்த இடைத்தளத்தில் நாம் தலை குனிந்தே நின்றோம். கூரை அவ்வளவு தாழ்வு.

அக்கோபுரங்கள் எதிர்நோக்கியது வெள்ளியையும் கொக்கோவையும் மட்டுமன்று. 1765இல் காதிஸ் வணிகர் கூடி, ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கரீபியத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று விற்பதற்கென்றே ஒரு கும்பினியைத் தொடங்கினர். வெண்பளிங்குப் படிக்கட்டுகளைப் புகழும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

இக்குறிப்பு, ஊரின் தலையாய பெருமையையும் தொடுகிறது. 1810 முதல் 1812 வரை நெப்போலியனின் படை இந்நகரை நிலவழியே முற்றுகையிட்டு, விரிகுடாவின் அக்கரையிலிருந்து குண்டு வீசிற்று. அவ்வேளையில் சான் பெலிப்பே நேரி என்னும் நீள்வட்ட வடிவத் தேவாலயத்தில் நாட்டின் பிரதிநிதிகள் கூடி, 384 பிரிவுகள் கொண்ட அரசியல் சட்டத்தை இயற்றினர். அது 1812 மார்ச் 19 அன்று, புனித சூசையப்பர் திருநாளில், வெளியிடப்பட்டது. ஆட்சியுரிமை அரசனுக்கன்று, நாட்டுக்கே உரியது என்றது அச்சட்டம். ஊர்தோறும் எழுத்தறிவிக்கும் பள்ளி வேண்டும் என்றது. 1830 முதல் புதிதாகக் குடியுரிமை பெறுவோர் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. அமெரிக்கப் பிரதிநிதிகளும் பிலிப்பைன்ஸ் பிரதிநிதியும் அவையில் இருந்தனர். அரசர் ஏழாம் பெர்னாந்து 1814இல் இதை நீக்கினார். 1820இல் படைவீரர் கிளர்ச்சி இதை மீட்டது. 1823இல் பிரெஞ்சுப் படை வந்து மீண்டும் முடித்துவைத்தது.

நாம் பணியாற்றும் கொல்கத்தாவுக்கு இந்தச் சட்டம் அன்றே வந்து சேர்ந்தது. அதன் பதிப்பொன்று ராஜா ராம்மோகன் ராய்க்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஸ்பெயினில் அரசியல் சட்ட ஆட்சி ஏற்பட்ட செய்தி கேட்டு அவர் நகரில் விருந்தளித்து மகிழ்ந்தார் என்பர் அவர் வரலாறு எழுதியோர். கடல்வழிச் செய்தி மாதக்கணக்கில் வந்த அக்காலத்தில், காணாத ஊரின் சட்டத்துக்காக விருந்து வைத்த உள்ளத்தை என்னென்பது!

அத்தேவாலயத்தின் வெளிச்சுவர் முழுவதும் பிரதிநிதிகளை நினைவுகூரும் கற்பலகைகள். ஒவ்வொன்றாகப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தோம். சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஆப்பிரிக்க வழியில் வந்தோர் தனிச் சேவையும் தகுதியும் மெய்ப்பித்தாலன்றிக் குடியுரிமை பெறமாட்டார் என்கிறது. அமெரிக்கப் பிரதிநிதிகளுள் சிலர் எதிர்த்தும் அது நிறைவேறிற்று. அவையில் எவ்வாறு வாதிட்டனர் என்பது நாள்வாரியாக அச்சிட்ட குறிப்பேடுகளில் இருக்கிறது. யாரைப் பற்றி வாதிட்டனரோ அவர்களுள் ஒருவர் பெயரும் அக்குறிப்பேடுகளில் பேசுவோர் வரிசையில் இல்லை. சான் பெலிப்பே நேரியிலிருந்து கப்பல் நிற்கும் துறைக்குக் கால் மணி நேர நடை.